மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னு காது குடுக்க கத்துக்கிட்டது

டி.ஃபார்ம் முடிச்சுட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன். பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி, அதனால காலைல கடை திறந்ததுல இருந்து கூட்டம்தான், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், ராதாபுரம்னு எங்கெங்க இருந்தோ விடியக்காலைல பஸ் ஏறி வந்து, டாக்டரப் பாத்துட்டு, பசியும் அலைச்சலுமா கையில சீட்டோட வந்து நிப்பாங்க. மெடிக்கல் ஷாப் வேலைன்னா சீட்டப் படிக்கறது, ரேக்ல இருந்து எடுக்கறது, பில் போடறது அவ்வளவுதான்னு வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு தோணும். பாதி வேலை கேக்கறதுதாங்க. அங்க கத்துக்கிட்டத வீட்டுலயும் செஞ்சு பாத்து நல்லா வந்துருக்கு, அதனாலதான் இத எழுதணும்னு தோணுச்சு.

இத்தன வருஷத்துல ஒண்ணு மட்டும் எனக்கு உறுதியா தெரியும். மனுஷங்க வாயத் தொறந்ததும் முதல்ல சொல்றது பெரும்பாலும் அவங்க சொல்ல வந்தது இல்ல. சொல்ல வந்தது ரெண்டாவதாவோ மூணாவதாவோதான் வெளிய வரும், அதுவும் நாம இடம் விட்டாத்தான் வரும்.

இத எனக்கு காட்டிக் குடுத்தது எங்க கடை அண்ணாச்சி. நான் சேந்த புதுசுல ஒரு ஆச்சி வந்து "ஏ தாயி, இருமலுக்கு டானிக் ஒண்ணு தா"ன்னு கேட்டாங்க. அண்ணாச்சி பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, பாட்டில எடுக்கல, "எத்தன நாளா இருக்கு ஆச்சி?"ன்னு மட்டும் கேட்டுட்டு கவுண்டர்ல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. "அது கெடக்கு ஒரு மாசமா"ன்னாங்க. அண்ணாச்சி பேசல. "சளியும் இல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி தலையச் சாச்சா போதும், தொண்டைய அரிக்குது, பேத்தி படிக்க முடியலன்னு ஏசுதா"ன்னாங்க. அப்பவும் அவரு "ம்"னு சொல்லிட்டு நிக்கறாரு. ஆச்சி பர்ஸ தேடிக்கிட்டே, "போன மாசம் பிரஷர் மாத்திரைய மாத்திக் குடுத்தாவ, அதுலருந்துதான்னு மருமவ சொல்லுதா, மாத்திரைல எங்க இருமல் வரும், அவ கெடக்கா"ன்னாங்க.

அதுதான் விஷயம். அண்ணாச்சி மாத்திரை அட்டைய வாங்கிப் பாத்தாரு, ராமிப்ரில். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைங்க சிலருக்கு வறட்டு இருமல் குடுக்கும், அதுக்கு எத்தன பாட்டில் டானிக் குடிச்சாலும் நிக்காது, டாக்டர் வேற வகைக்கு மாத்தினா பெரும்பாலும் சில வாரத்துல தானா அடங்கிரும். "நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க ஆச்சி, இந்த இருமல டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவரு மாத்தித் தருவாரு"ன்னு சொல்லி சீட்டுக்குப் பின்னால ரெண்டு வரி எழுதிக் குடுத்து அனுப்பினாரு. டானிக் விக்கல.

இதுல என்னைய ரொம்ப யோசிக்க வெச்சது, அந்த ஆச்சி உண்மையான காரணத்த ஒரு பெரிய விஷயமா சொல்லவே இல்ல, மருமகளக் குறை சொல்ற பேச்சுக்கு நடுவுல, இதெல்லாம் ஒரு பேச்சான்னு தள்ளி விடற மாதிரிதான் சொன்னாங்க. நிறைய பேரு அப்படித்தான், மனசுல உறுத்தறத "அது கெடக்கு"ன்னு ஓரமா வெச்சுத்தான் சொல்லுவாங்க. அந்த "அது கெடக்கு", "அத விடுங்க", "சும்மா சொன்னேன்", இதெல்லாம் காதுல விழுந்தா நான் உஷாராயிருவேன், பெரும்பாலும் அதுக்கு முன்னாடி சொன்னதுலதான் விஷயம் இருக்கும்.

கூட்டம் நிக்கும்போது இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு கேக்க முடியுமான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 1984ல அமெரிக்காவுல டாக்டர்கள் நோயாளிங்ககூட பேசறத 74 சந்திப்புல பதிவு பண்ணிப் பாத்திருக்காங்க, நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்டுல டாக்டர் குறுக்க பூந்துட்டாரு, நாலுல ஒருத்தருக்குக்கூட சொல்ல வந்தத முழுசா சொல்ல வாய்ப்பு கிடைக்கல. அப்போ குறுக்க போகாம விட்டா எவ்வளவு நேரம் பேசுவாங்க? சுவிட்சர்லாந்துல பாசல் ஊர்ல இன்னொரு ஆய்வு, 2002ல வெளிவந்தது, 335 பேர தடுக்காம பேச விட்டுப் பாத்தாங்க. சராசரி 92 செகண்ட். பத்துல ஏழெட்டு பேரு ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானா முடிச்சுட்டாங்க. ஒன்றரை நிமிஷம்கறது நாம பில் போட்டு சில்லறை தேடற நேரம்தான், ஆனா நமக்கு மனசுல என்ன பயம்னா விட்டா நாள் பூரா பேசுவாங்கன்னு. பேச மாட்டாங்க. நடுவுல நடுவுல நாம வெட்டறதாலதான் அவங்க திரும்பத் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்க, அதுலதான் நேரம் போகுது.

ஆனா வெட்டாம இருக்கறது பழக்கத்துக்கு வர்றது சுலபம் இல்ல, ஏன்னா நம்ம மூளையோட வேலையே அப்படி. உலகத்துல பல இடத்துல இருந்து 10 மொழிய எடுத்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் அடுத்தவர் பதில் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல சராசரி இடைவெளி ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்குதான் இருந்துச்சாம். ஒரு படத்தக் காட்டி இது என்னன்னு கேட்டா அந்த ஒத்த வார்த்தைய வாய்க்கு கொண்டு வர்றதுக்கே அதவிட மூணு மடங்கு நேரம் ஆகும். அப்போ என்ன அர்த்தம், எதிர்ல இருக்கறவர் பேசிட்டு இருக்கும்போதே நாம பதில தயார் பண்ண ஆரம்பிச்சுட்டோம்னுதானே, அவரு பேச்சோட கடைசிப் பகுதிய நாம அரைகுறையாத்தான் கேக்கறோம். மேல சொன்ன ஆச்சி பேச்சப் பாருங்க, விஷயம் கடைசிலதான இருந்துச்சு.

அதனால நான் செய்யற ஒரே ஒரு சின்ன வேலை, அவங்க நிறுத்தினதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டுத்தான் வாயத் தொறப்பேன். ஆரம்பத்துல அந்த மூணு செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், என்ன இவ பேசாம நிக்கறான்னு நினைச்சுக்குவாங்களோன்னு இருக்கும், ஆனா பாதிக்குப் பாதி பேரு அந்த இடைவெளிலதான் அடுத்தத சொல்லுவாங்க. எண்ணும்போது மூஞ்சிய பாத்துக்கிட்டு எண்ணணும், கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டோ போனப் பாத்துக்கிட்டோ எண்ணினா அவங்க கிளம்பிருவாங்க.

கேக்கற விதத்துலயும் இருக்கு. "வேற ஒண்ணும் இல்லைல்ல?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும், கதவ சாத்திக்கிட்டே உள்ள வாங்கன்னு சொல்ற மாதிரி அது. "வேற என்ன செய்யுது உடம்புக்கு?"ன்னு கேட்டா யோசிச்சு சொல்லுவாங்க. "ஏன் மாத்திரை போடல?"ன்னு கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிரும், பொய் சொல்லுவாங்க, "மாத்திரை போடறதுல என்ன கஷ்டம் இருக்கு?"ன்னு கேட்டா "ராத்திரி ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு, அதான் விட்டுட்டேன்"னு உள்ளத சொல்லுவாங்க. இந்த ஏன்கற கேள்விய நான் வீட்டுலயும் முடிஞ்ச மட்டும் கொறச்சுட்டேன்.

வீட்டுல இது எப்படி உதவுச்சுன்னு ஒண்ணு சொல்றேன். பையன் பிளஸ் டூ. ஒருநாள் ராத்திரி தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், வந்து பிரிட்ஜ் மேல சாஞ்சு நின்னுக்கிட்டு, "அம்மா, கெமிஸ்ட்ரி டியூஷன நிறுத்திரவா?"ன்னான். எந்த அம்மாவுக்கும் வாயில முதல்ல வர்றது, பரீட்சைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சுடா இதுங்கறதுதான். நான் அடுப்ப சிம்ல வெச்சுட்டு, "நிறுத்தணும்னு தோணுதா?"ன்னு மட்டும் கேட்டேன், அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன் அவ்வளவுதான். "ஸ்கூல்லயே நல்லாத்தான் நடத்துறாங்க"ன்னான். நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். "யூடியூப்லயும் இருக்கு"ன்னான். அப்பவும் நான் பேசல, தோசையத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பா யார்கிட்டயோ போன்ல வட்டி பத்தி பேசிக்கிட்டு இருந்தாங்க முந்தா நேத்து"ன்னான்.

பிள்ளைக்கு படிப்புல சலிப்பு இல்ல, வீட்டுல காசு இல்லையோன்னு பயம். நான் முதல் பேச்சுக்கே பதில் சொல்லியிருந்தா டியூஷனோட அருமையப் பத்தி அரை மணி நேரம் பேசியிருப்பேன், அவன் சரிம்மான்னுட்டு போயிருப்பான், அந்த பயம் அவன் வயித்துலயே இருந்துருக்கும். அது அவங்க சித்தப்பாவோட லோன் விஷயம், அத உக்காந்து சொன்னேன், நம்ம வீட்டு நிலைமை என்ன, எவ்வளவு வருது எவ்வளவு போகுதுன்னும் சொன்னேன். பதினேழு வயசுப் பையனுக்கு அதெல்லாம் சொல்லலாம், புரிஞ்சுக்குவான்.

இன்னொன்னு கவனிச்சேன், ஆம்பளப் பிள்ளைங்க நேருக்கு நேர் உக்கார வெச்சு "சொல்லு"ன்னா சொல்ல மாட்டாங்க. தோசை ஊத்தும்போது, பைக்ல பின்னால உக்காந்து போகும்போது, துணி மடிக்கும்போது, இப்படி கை வேலைல இருக்கும்போதுதான் வாய் திறக்கும்.

சரி, கேக்கறது ஒரு பாதி. நாம சொன்னது அவங்களுக்கு போய் சேந்துச்சான்னு பாக்கறது மறு பாதி, இதுலதான் பெரும்பாலான வீட்டுச் சண்டை ஆரம்பிக்குது. எங்க தொழில்ல "புரிஞ்சுதா?"ங்கற கேள்வியே கேக்கக் கூடாது. புரிஞ்சாலும் புரியலைன்னாலும் ஒரே பதில்தான் வரும், தலையாட்டல். அதுக்குப் பதிலா நாம சொன்னத அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைக்கணும், இங்கிலீஷ்ல டீச் பேக்னு சொல்லுவாங்க, மருத்துவத்துல உலகம் பூரா இத சிபாரிசு பண்றாங்க.

ஐம்பது வயசு இருக்கும், இளைப்புக்கு மருந்து வாங்கற அண்ணன் ஒருத்தர், "தெனமும் ரெண்டு வேளை போடுதேன் மேடம், ஒண்ணும் கேக்கல, மாடிப்படி ஏற முடியல"ன்னாரு. டோஸ் சரி, நாள் தவறாம போடறாரு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. "எப்படிப் போடுவீங்கன்னு ஒருதடவ செஞ்சு காட்டுங்கண்ணே"ன்னு கேப்ஸ்யூல் ஒண்ண கையில குடுத்தேன். மனுஷன் பையில இருந்து தண்ணி பாட்டில எடுத்தாரு! அது ரோட்டாகேப்பு, முழுங்கற கேப்ஸ்யூல் இல்ல, கூட குடுக்கற கருவிக்குள்ள போட்டு, திருகி, அதுல இருக்கற பொடிய வாயால உறிஞ்சி நுரையீரலுக்குள்ள இழுக்கணும். இவரு அத்தனையும் வயித்துக்குள்ள அனுப்பியிருக்காரு. "பிளாஸ்டிக் சாமான் ஒண்ணு குடுத்தாவ, வீட்ல கெடக்கு"ன்னாரு. "போடுறீங்களா?"ன்னு ஆயிரம் தடவ கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பாரு, அவரப் பொறுத்தவரைக்கும் அது உண்மைதான. கருவில எப்படிப் போடணும், உறிஞ்சிட்டு எத்தன நேரம் மூச்ச அடக்கணும், அப்புறம் வாய் கொப்பளிக்கணும், எல்லாத்தையும் காட்டி, மறுபடி அவர செய்யச் சொல்லிப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.

அதே மாதிரி மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை, வாரத்துல ஒரு நாள் மட்டும்தான் போடணும், தெனமும் போட்டா உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை குடுக்கும்போது "என்ன கிழமை போடுவீங்க?"ன்னு கேட்டு, "திங்கக்கிழமை"ன்னு அவங்க வாயில இருந்து வந்தப்பறம்தான் கவர்ல போடுவேன்.

இதுல ஒரு நாசூக்கு இருக்கு. "எங்க, நான் சொன்னத சொல்லுங்க பாப்போம்"னு கேட்டா வாத்தியார் மாதிரி இருக்கும், வயசானவங்களுக்கு கோவம் வந்துரும். "நான் வேகமா சொல்லிட்டேன், சரியாச் சொன்னேனான்னு தெரியல, வீட்ல மருமக கேட்டா எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?"ன்னு கேட்டா பாரம் நம்ம மேல வந்துரும், அவங்க சந்தோஷமா சொல்லுவாங்க. வீட்டுலயும் இதே கதைதான், "கேஸ் புக் பண்ணுங்க, பீஸ் கட்டுங்க, ரேஷன் கார்ட எடுத்து வைங்க"ன்னு மூணு நாலு விஷயத்த வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னா எந்த மனுஷனுக்கும் நிக்காது. ஒண்ணு சொல்லணும், முக்கியமானத முதல்ல சொல்லணும், கடைசில "அப்போ கேஸ் நீங்க, பீஸ் நான், சரியாங்க?"ன்னு ஒரு வரி பேசி முடிச்சுக்கணும். சாயந்தரம் சண்டை இல்ல.

வீட்டுக்காரர் ஆபீஸ்ல நடந்தத சொல்லும்போது நான் யோசனை சொல்றத நிறுத்திட்டேன், கேட்டாத்தான் சொல்றது, கேக்கலைன்னா "ஒண்ணு சொல்லவா?"ன்னு அனுமதி வாங்கிட்டு சொல்றது. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், செய்யறதுதான் பாக்கி.

இதவிட முக்கியமா எனக்குப் படறது வயசானவங்ககூட பேசறது. எங்க அத்தைக்கு எழுபது தாண்டியாச்சு, காது மந்தம். அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல அன்றாடப் பேச்சையே பாதிக்கற அளவுக்கு காது குறையுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்போ எத்தன வீட்டுல இது நடக்குதுன்னு பாருங்க. நாம என்ன நினைக்கறோம், சத்தம் பத்தல, கத்தினா கேக்கும்னு. விஷயம் வேற. வயசாகி காது குறையும்போது முதல்ல போறது கீச்சுன்னு வர்ற மேல் சத்தங்கள், ச, ஸ, ஷ, ஃப மாதிரி எழுத்துங்க அந்தப் பக்கம்தான் இருக்கு. அ, ஆ, ஓன்னு உயிரெழுத்துச் சத்தம் நல்லாவே விழும். அதனாலதான் "பேசறது கேக்குது, என்ன பேசறீங்கன்னுதான் பிரியல"ன்னு சொல்லுவாங்க, அது சாக்கு இல்ல, அப்படியே உண்மை. கத்தினா அந்த உயிரெழுத்துச் சத்தம்தான் இன்னும் பெருசாகும், எழுத்து தெளிவாகாது, மூஞ்சி வேற கோவமா இருக்கற மாதிரி ஆயிரும். அத்தை என்கிட்ட ஒருதடவ, "உங்க மாமா கத்தினா என்னைய ஏசுதாவளோன்னுதான் முதல்ல தோணும், அந்த படபடப்புல சொன்னதும் கேக்காது"ன்னாங்க.

அதனால முதல்ல "அத்தை"ன்னு கூப்பிட்டு அவங்க திரும்பிப் பாத்தப்பறம்தான் பேச்சு. மிக்ஸி, டிவி ஆஃப். வெளிச்சம் என் மூஞ்சில படற மாதிரி நிக்கறது, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னா உதடு தெரியாது. சத்தத்த ஏத்தாம வேகத்த கொறைக்கறது. ரெண்டு தடவ சொல்லியும் பிடிபடலைன்னா அதே வார்த்தைய மூணாவது தடவ சொல்றதுல பிரயோஜனம் இல்ல, வேற மாதிரி சொல்லணும், "சாயந்தரம் சித்தி வராங்க"ங்கறது பிரியலைன்னா "உங்க தங்கச்சி, இன்னைக்கு, நம்ம வீட்டுக்கு"ன்னு உடைச்சு சொன்னா பட்டுனு பிடிச்சுக்குவாங்க. எதச் செய்யலைன்னாலும் பரவால்ல, "ஒண்ணும் இல்ல, விடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் சிரிக்கறப்போ என்னடி என்னடின்னு கேக்கற மனுஷிகிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, கொஞ்ச நாள்ல கேக்கறதையே நிறுத்திருவாங்க, அப்புறம் ரூம விட்டு வெளிய வரமாட்டாங்க. எனக்கு மனசு தாங்காத விஷயம் இது. அரசு மெடிக்கல் காலேஜ் இஎன்டி பிரிவுல காது டெஸ்ட் எடுக்கலாம், தகுதி இருந்தா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமா காது கருவி இலவசமாவே கிடைக்கும், இது தெரியாமலே நிறைய பேரு பெரியவங்கள அப்படியே விட்டுடறாங்க.

இன்னும் ஒண்ணு, எங்க நின்னு கேக்கறோம்கறது. கடைல சில பேரு சும்மா நிப்பாங்க, கூட்டம் குறையட்டும்னு எல்லாரையும் முன்னால விட்டுட்டு ஓரமா நிப்பாங்க. பிரெக்னன்சி கார்டு வேணும்னு வந்த பொண்ணா இருக்கலாம், அந்தரங்க இடத்துல புண்ணுன்னு வந்த பெரியவரா இருக்கலாம். நான் கவுண்டரோட கடைசி ஓரத்துக்கு நகந்து போயி "என்னக்கா வேணும்"னு மெதுவா கேப்பேன், அவங்க எந்த சத்தத்துல பேசறாங்களோ அதவிட கூட்டிப் பேச மாட்டேன். மருந்துப் பேர உள்ள இருக்கற பையனுக்கு கத்தி சொல்லாம நானே போய் எடுத்துட்டு வருவேன். இதையும் நான் கேக்கறதுலதான் சேப்பேன்.

அப்படி ஓரமா நின்னவங்கள்ல சில பேரு தூக்க மாத்திரை கேப்பாங்க. சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம், அதச் சொல்லி அனுப்பிரலாம், ஆனா அந்த மூஞ்சியப் பாத்தா அனுப்ப மனசு வராது. ஒரு அக்காகிட்ட "எத்தன நாளா தூக்கம் இல்லக்கா"ன்னு கேட்டு நின்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "தூங்கி எந்திரிக்காம போயிட்டா நல்லாருக்கும்"னாங்க. இந்த இடத்துல எல்லாரும் "சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க"ன்னு வாயப் பொத்துவோம், நல்ல எண்ணத்துலதான். அப்படிப் பொத்தக் கூடாது. நான் நேராவே கேட்டேன், "செத்துரணும்னு தோணுதாக்கா?"ன்னு. கேட்டா அந்த நினைப்ப நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிருமோன்னு பயப்படுவோம், ஆகாது, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு மூச்சு விடுவாங்கன்னுதான் இதுல வேலை செய்யறவங்க எல்லாரும் சொல்றாங்க. அந்த அக்கா உடைஞ்சு அழுதாங்க. உள்ள ஸ்டூல போட்டு உக்கார வெச்சு, அவங்க தங்கச்சி நம்பர வாங்கிப் பேசி, அவங்க வர்ற வரைக்கும் தனியா விடல, அப்புறம் ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். மனசு கஷ்டத்துக்கு அரசாங்கம் நடத்தற போன் உதவி டெலி மானஸ், நம்பர் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம், போன்ல சேவ் பண்ணி வைங்க. இந்த மாதிரி விஷயத்துல கேக்கறதோட நாம நிக்கக் கூடாது, அடுத்த ஆள்கிட்ட கைல பிடிச்சு ஒப்படைக்கணும்.

எல்லா நேரமும் இப்படி கேக்க முடியாது, அதையும் சொல்லிரணும். நாள் பூரா நின்னுட்டு வீட்டுக்குப் போறப்போ தங்கச்சி போன் பண்ணுவா, அவ குரல்லயே தெரியும் என்னமோ இருக்குன்னு, ஆனா என் தலைக்குள்ள எதுவும் ஏறாது. அப்போ ம், ம்னு கொட்டிக்கிட்டே பாத்திரம் கழுவறதவிட "இப்போ முடியலடி, நீ சொல்றத ஒழுங்கா கேக்கணும், ஒம்பது மணிக்கு நானே கூப்பிடறேன்"னு நேரத்தோட சொல்லிருவேன். அப்புறம் ஒம்பது மணிக்கு நாமதான் கூப்பிடணும், அவளே பண்ணட்டும்னு விட்டா பண்ண மாட்டா.